கூகுளாண்டவரும் கிரைண்டர் சித்தப்பாவும்

சொந்தக்காரர்களில் இரண்டு வகை உண்டு. கடன் கேட்கிறவர்கள் ஒரு வகை. கம்ப்யூட்டரில் சந்தேகம் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையிடம் 'மாசக் கடைசி' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவது வகையிடம் அந்தப் பருப்பு வேகாது. ஏனென்றால் நான் வேலை பார்ப்பது ஏ.சி. ரூமில், கம்ப்யூட்டருக்கு எதிரில். அதில் நாள் முழுக்க நான் செய்வது வெறும் கூட்டல் கழித்தல்தான் என்பது வேறு விஷயம். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை மௌஸ் பிடித்தவனெல்லாம் பில் கேட்ஸ்!

என் சித்தப்பா இரண்டாவது வகை.

குரோம்பேட்டையில் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். விற்பனையும் உண்டு, ரிப்பேரும் உண்டு. 1993-ல் ஆரம்பித்தது. டேபிள் டாப், டில்டிங், ஓட்டல் கிரைண்டர் என்று எது மக்கர் பண்ணினாலும் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். கல் கொத்துவதற்கென்றே கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் உளியை எடுத்துத் தட்டினால், தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன கல்லுக்குப் புதுப் பல் முளைக்கும்.

2022-ல் கடையில் கூட்டம் குறைந்தது. "எல்லாரும் பாக்கெட் மாவு வாங்கிடறாங்கடா" என்றார் சித்தப்பா. சும்மா இருந்திருக்கலாம் நான். விதி யாரை விட்டது? "சித்தப்பா, வெப்சைட் போடுங்க. உலகமே உங்க கடைக்கு வரும்" என்று திருவாய் மலர்ந்தேன்.

ஆபீஸ் நண்பருக்குத் தெரிந்த ஒரு பையன் பதினெட்டாயிரம் ரூபாய்க்குச் செய்து கொடுத்தான். ஆயுத பூஜை அன்று திறப்பு விழா. சித்தி லாப்டாப்புக்கு சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை மௌஸுக்கு அடியில் நசுக்கப் போனதைக் கடைசி நொடியில் தடுத்தேன். எல்லோருக்கும் பொரி, கடலை.

இரண்டு வருஷம் ஓடியது. உலகம் வரவில்லை. பல்லாவரம்கூட வரவில்லை.

*

2024 ஆகஸ்ட்டில் சித்தி போன் பண்ணினார். குரலே சரியில்லை.

"உங்க சித்தப்பா கடையைக் குடுத்துடலாம்னு இருக்கார்டா. செல்போன் கவர் விக்கிற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். தை பிறந்ததும் முடிவு சொல்றேன்னுட்டார். கல் கொத்தற அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கார். இதுல வெப்சைட்டை மேல கொண்டு வர்றேன்னு ஒருத்தன் வேற பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அட்வான்ஸ் கேக்கறான். நீ வாடா."

ஞாயிற்றுக்கிழமை போனேன். 'ஒருத்தன்' எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். டை கட்டி, கையில் டேப்லெட் வைத்திருந்தான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பாவம், அவனுக்கும் மாச டார்கெட் இருக்கும்.

"முப்பது நாள்ல கூகுள்ல முதல் பக்கம், முதல் இடம். காரண்டி சார்!"

"எப்படிப்பா பண்ணுவீங்க?"

"அது எங்க சீக்ரெட் சார்" என்றவன், நான் விடாமல் கேட்கவும் மெல்லக் கக்கினான். 'கிரைண்டர் ரிப்பேர்' என்கிற வார்த்தையை இருநூறு தடவை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதிவிடுவார்களாம். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, கூகுள் கண்ணுக்குத் தெரியும். எங்கெங்கோ இருக்கும் ஐந்நூறு வெப்சைட்டிலிருந்து நம் கடைக்கு லிங்க் வாங்கித் தருவார்களாம். மேற்கொண்டு ஐயாயிரம் கொடுத்தால் ஐம்பது பேர் ஐந்து ஸ்டார் போட்டுப் பாராட்டுவார்களாம்.

"நான் கையால தொடாத கிரைண்டருக்கு எவன்பா எனக்கு ஸ்டார் குடுப்பான்?" என்று அப்பாவியாகக் கேட்டார் சித்தப்பா.

"அதெல்லாம் நாங்களே எழுதிக்குவோம் சார்!"

சித்தப்பா அவனுக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுத்து, பத்திரமாக வழியனுப்பி வைத்தார்.

நல்லதாகப் போயிற்று. நீங்களும் ஒரு சின்னக் கடையோ, டியூஷன் சென்டரோ நடத்தினால் இந்த 'காரண்டி' போன் உங்களுக்கும் வரும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்று போட்டு மேலே வருவது காசுக்கு. அதற்குக் கீழே வருகிற சாதாரண ரிசல்ட்டில் காசு கொடுத்து இடம் வாங்க முடியாது.

வெள்ளை எழுத்து வித்தையெல்லாம் அரதப் பழசு. மாட்டினால் பெரிய ஆளாக இருந்தாலும் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான். 2006-ல் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் ஜெர்மனி தளம், கூகுளுக்கு ஒரு பக்கம், மனுஷனுக்கு வேறு பக்கம் என்று காட்டி மாட்டிக்கொண்டது. தளத்தையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். தப்பைத் திருத்திக்கொண்ட பிறகுதான் மறுபடி உள்ளே விட்டார்கள். பி.எம்.டபிள்யூவுக்கே அந்தக் கதி என்றால் குரோம்பேட்டை கிரைண்டர் எம்மாத்திரம்?

*

சரி, ஆசாமியை அனுப்பியாச்சு. இனி வைத்தியம் நான்தான் பார்க்க வேண்டும்.

'குரோம்பேட்டை கிரைண்டர் ரிப்பேர்' என்று கூகுளில் தட்டினேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. பத்தாவது பக்கம் வரை போய்ப் பார்த்தேன். மாவு மில் வந்தது. மிக்ஸி வந்தது. யாரோ ஒருவர் மரம் அறுக்கிற மெஷின்கூட விற்றார். சித்தப்பா மட்டும் வரவில்லை.

"என் போன்ல வருதேடா!" என்று காட்டினார். பார்த்தால், வெப்சைட்டின் முழு விலாசத்தையும் எழுத்துப் பிசகாமல் அடித்துத் திறந்து வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படித் திறந்து பார்த்து, 'நல்லா ஓடுது' என்று திருப்திப்பட்டிருக்கிறார்.

"சித்தப்பா, இது உங்க வீட்டுக்கு நீங்களே போற மாதிரி. வழி தெரியாதவன் விசாரிச்சா யாராவது கை காட்டணுமே, அதான் கேள்வி."

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. கூகுளின் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, மேலொன்று கீழொன்றாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் பெயரை அடியுங்கள். கூகுளுக்கு உங்கள் தளத்தில் எந்தெந்தப் பக்கம் தெரியும் என்று வரிசையாகக் காட்டும்.

சித்தப்பா கடைக்கு அடித்தேன். ஒன்றுமே வரவில்லை. பூஜ்யம்!

இதன் அர்த்தம் புரிய, வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கணக்கெடுக்க ஒருவர் வீடு வீடாக வருவார். கூகுளுக்கும் அப்படி ஒரு கணக்கெடுப்பு ஆசாமி உண்டு. ஆள் இல்லை, புரோகிராம். ஒரு லிங்கிலிருந்து இன்னொன்று என்று இன்டர்நெட் முழுக்கத் தெருத் தெருவாக அலையும். பார்த்ததைப் பட்டியலில் ஏற்றுவது இரண்டாவது வேலை. யாராவது எதையாவது தேடும்போது, பட்டியலில் இருப்பவர்களில் யாரை முன்னே நிறுத்துவது, யாரைப் பின்னே தள்ளுவது என்பது மூன்றாவது. 'முதல் பக்கத்துல வரலையே' என்று எல்லோரும் அடித்துக்கொள்வது மூன்றாவதற்கு. சித்தப்பாவுக்குப் பட்டியலில் பெயரே இல்லை! பூத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்?

ஏன் இல்லை?

வேர்ட்பிரஸ் என்கிற சாஃப்ட்வேரில் கட்டிய தளம் அது. உள்ளே நுழைந்து செட்டிங்ஸைக் குடைந்தேன். 'ரீடிங்' என்கிற பகுதியில், கீழே, ஒரு குட்டிக் கட்டம். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

கணக்கெடுக்க வந்தவரிடம் 'இந்த வீட்டில் யாரும் இல்லை' என்று வாசலில் போர்டு மாட்டி வைத்த மாதிரி. கூகுள் மரியாதைக்காரர். போர்டைப் படித்துவிட்டு, இரண்டு வருஷமாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

"எந்த மடையன் இதைப் பண்ணினான்?" என்று பல்லைக் கடித்தேன். அந்தப் பையன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். திட்டுவதற்காக வாட்ஸப்பில் பழைய செய்திகளைப் புரட்டினேன். 2022 செப்டம்பரில், தளம் பாதி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி:

'இன்னும் ரெடியாகலை. அரைகுறையா கூகுள்ல வந்துட்டா அசிங்கம். வராம பாத்துக்கப்பா. முடிஞ்சதும் நானே சொல்றேன்.'

பையன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

அனுப்பியவர்: அடியேன்!

முடிந்தது. பூஜை போட்டோம். பொரி தின்றோம். நான் மட்டும் சொல்லவே இல்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் சித்தப்பா.

"செட்டிங்ஸ்ல ஒரு சின்னக் கோளாறு சித்தப்பா. சரி பண்ணிட்டேன்."

பொய் இல்லை. ஆனால் வக்கீல் உண்மை! சித்தி நெய் ஊற்றி இரண்டு தோசை அதிகமாகப் போட்டார். தொண்டையில் இறங்கவில்லை.

*

குற்ற உணர்ச்சியைப் போல நல்ல மேனேஜர் உலகத்தில் இல்லை. அடுத்த நாலு மாசம் ஒவ்வொரு ஞாயிறும் குரோம்பேட்டையில் ஆஜர்.

முதலில் டிக்கை எடுத்தேன். கூகுள் இலவசமாகத் தருகிற 'சர்ச் கன்சோல்' என்கிற வசதியில் தளத்தைப் பதிவு செய்து, பக்கங்களின் பட்டியலைக் கொடுத்து, 'ஐயா, வந்து பாருங்கள்' என்று மனுப் போட்டேன். பட்டியலில் ஏறியிருக்கிறதா, எந்த வார்த்தைக்காக எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அமுக்கினார்கள் என்றெல்லாம் அதிலேயே தெரியும். கொஞ்ச நாளில் பெயர் ஏறியது. ஆனால் வரிசையின் கடைசியில்.

இப்போதுதான் தளத்தை ஒரு வாடிக்கையாளனாகப் படித்தேன். வெட்கமாக இருந்தது. தலைப்பு என்ன தெரியுமா? 'முகப்பு'. கூகுள் ரிசல்ட்டில் நீல நிறத்தில் கொட்டை எழுத்தில் வருகிறதே, அது பெரும்பாலும் இந்தத் தலைப்பிலிருந்து எடுப்பதுதான். 'முகப்பு' என்று தேடி யார் வருவார்கள்? 'கிரைண்டர் ரிப்பேர், கல் கொத்துதல் - குரோம்பேட்டை' என்று மாற்றினேன். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். மாவு அரைப்பது தமிழாக இருந்தாலும், பாதிப் பேர் தேடுவது ஆங்கில எழுத்தில்தானே?

உள்ளே ஒரே படம். ஃப்ளெக்ஸ் போர்டை அப்படியே போட்டோ எடுத்து ஒட்டியிருந்தோம். என்னென்ன ரிப்பேர், போன் நம்பர், விலாசம் எல்லாம் படத்துக்குள். படம் என்றால் கூகுளுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். எழுத்தாக இருந்தால்தான் தெளிவாகப் படிக்கும். போதாததற்கு அந்தப் படம் திறப்பதற்குள் செல்போனில் ஒரு வடை தின்றுவிடலாம். முக்கியமான சமாச்சாரம் இரண்டரை செகண்டுக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தளத்தை எடை போடுவதும் இப்போது செல்போனில் தெரிகிற வடிவத்தை வைத்துத்தான். படத்தைச் சுருக்கி, விவரத்தையெல்லாம் எழுத்தாக அடித்தேன்.

என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. பழைய பக்கத்தில் நான் என் இலக்கியத் திறமையைக் காட்டியிருந்தேன். 'இல்லத்தரசிகளின் இதயம் கவர்ந்த இணையற்ற சேவை.' ராத்திரி எட்டு மணிக்கு உளுந்து ஊறிக்கொண்டிருக்க, கிரைண்டர் நின்றுபோனால் எந்த வீட்டிலாவது 'இணையற்ற சேவை' என்று தேடுவார்களா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி சித்தப்பாவிடம் கொடுத்தேன். "வர்றவங்க வாயிலேர்ந்து என்ன வார்த்தை வருதோ, அப்படியே எழுதுங்க."

எழுதினார். 'மோட்டார் ஓடுது, டிரம் சுத்தலை.' 'உர்ர்ருனு சத்தம் வருது, நகர மாட்டேங்குது.' 'எவ்ளோ நேரம் அரைச்சாலும் மாவு நைசா வரலை.' 'அடியில மாவு ஒழுகுது.'

இதைவிட நல்ல எழுத்தாளன் உண்டா? ஒவ்வொரு வரியையும் தலைப்பாக்கி ஒவ்வொரு பக்கம். பதிலை சித்தப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மோட்டார் ஓடியும் டிரம் சுற்றவில்லையா? பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை அறுந்திருக்கும். உறுமிவிட்டு நிற்கிறதா? பல சமயம் கெப்பாசிட்டர் போயிருக்கும், சுவிட்சை அணைத்துவிடுங்கள், உறுமவிட்டால் மோட்டாரே கருகிவிடும். மாவு நைஸாக வரவில்லையா? கல் தேய்ந்திருக்கும், கொத்த வேண்டும்.

பாதியில் சித்தப்பா நிறுத்தினார். "டேய், தொழில் ரகசியத்தையெல்லாம் இப்படிக் கொட்டிட்டா அப்புறம் எவன் கடைக்கு வருவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல் கொத்துகிற பெரியவர்தான் தலை நிமிராமல் சொன்னார். "கல் கொத்தணும்னு எழுதிப் போட்டா, அவங்க வீட்ல உளி இருக்கா முதலாளி?"

அப்புறம் தடையில்லாமல் எழுதினோம்.

*

அடுத்தது மேப். கூகுளில் கடையின் பெயரில் யாரோ எப்போதோ ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அதில் இருந்தது செத்துப்போன லேண்ட்லைன் நம்பர். புள்ளி வைத்திருந்த இடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலி மனையில்! கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு யாராவது வந்திருந்தால் எருமையைத்தான் விசாரித்திருக்க வேண்டும்.

'பிசினஸ் ப்ரொஃபைல்' என்கிற இந்த வசதியும் இலவசம். உரிமையாளர் நான்தான் என்று நிரூபிக்க வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தெருவைக் காட்டி, போர்டைக் காட்டி, சாவியால் ஷட்டரைத் திறந்து உள்ளே போகிறார், நான் பின்னாலேயே கேமராவுடன். பக்கத்துக் கடைக்காரர் சினிமா ஷூட்டிங் என்று நினைத்துத் தலை வாரிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். இரண்டாவது டேக்கில் ஓகே.

பக்கத்தில் இருக்கும் கடைகளைக் காட்டுவதற்குக் கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறது. தேடினதற்கும் கடைக்கும் பொருத்தம், தூரம், ஊரில் பேர். தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தம் நோட்டுப் புத்தகத்தில் கிடைத்துவிட்டது. 'பேர்' எங்கே வாங்குவது?

இதற்குக் கொஞ்சம் பழங்கதை வேண்டும். 1996 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்று இரண்டு மாணவர்கள். அவர்கள் யோசனை நம் ஊர் கல்யாண விசாரணை மாதிரிதான். பையன் எப்படி என்று பையனுடைய அப்பாவிடமா கேட்போம்? எதிர் வீட்டில், ஆபீஸில், பெட்டிக் கடையில் கேட்போம். நாலு பேர் சொன்னால் நம்புவோம். அதிலும் சொல்கிறவர் மரியாதைப்பட்ட ஆளாக இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். அதேபோல ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள், எப்பேர்ப்பட்ட பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன என்று எண்ணினார்கள். அந்தக் கணக்குக்குப் பெயர் பேஜ்ரேங்க். லாரி பேஜின் பெயரில் வைத்தது. அந்தத் தேடல் எந்திரத்துக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. அதாவது முதுகு தேய்ப்பு! 1998-ல் கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்பே நல்லவேளையாக அது கூகுள் ஆகிவிட்டது. இல்லாவிட்டால் இன்றைக்கு 'எதற்கும் ஒரு தடவை முதுகு தேய்த்துப் பார்' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்றைக்குக் கணக்கில் எத்தனையோ சேர்ந்துவிட்டது. ஆனாலும் நாலு பேர் சொல்வது நாலு பேர் சொல்வதுதான். காசு கொடுத்து ஐந்நூறு லிங்க் வாங்குவது, மாப்பிள்ளையைப் புகழக் கூலிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி. 2012-லேயே இதைக் கண்டுபிடித்துத் தண்டிக்கக் கூகுள் ஒரு ஏற்பாடு கொண்டுவந்துவிட்டது. நாங்கள் சித்தப்பாவிடம் கிரைண்டர் சப்ளை பண்ணும் கம்பெனிக்கு எழுதினோம். அவர்கள் தங்கள் தளத்தின் டீலர் பட்டியலில் கடை பெயரோடு லிங்க் போட்டார்கள். அந்த ஒன்று போதும், ஐந்நூறுக்குச் சமம்.

ரிவ்யூவுக்கு சித்தப்பா தானே ஒரு சட்டம் போட்டார். வேலை முடிந்து பணம் கொடுத்தவர்களிடம் மட்டும், 'முடிஞ்சா நாலு வார்த்தை எழுதுங்க' என்று கேட்பார். டொரண்டோவில் இருக்கும் மருமகன் ஐந்து ஸ்டார் போடுகிறேன் என்றபோது, "நான் உங்க கிரைண்டரைப் பாத்தேனா மாப்ள?" என்று கேட்டுவிட்டார்.

"நான் போடறேனே சித்தப்பா, எங்க வீட்டு கிரைண்டரை நீங்கதானே பாக்கறீங்க?" என்றேன்.

"நீ என்னிக்குடா காசு குடுத்தே? காசு குடுத்தவன்தான் கஸ்டமர். நீ சொந்தக்காரன். வேணாம்."

*

உடனே போன் கொட்டோ கொட்டென்று கொட்டியது என்று எழுத ஆசைதான். இல்லை. இந்த மாதிரி மாற்றங்கள் பலன் தர நாலு மாசத்திலிருந்து ஒரு வருஷம் ஆகலாம் என்று கூகுளில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் வெறிச்சென்று போனது. அக்டோபரில் அதே நோட்டின் பின்பக்கத்தில் சித்தப்பா ஒரு கோடு போட்டார். 'எப்படித் தெரியும்?' என்று கேட்டதற்கு, 'உர்ருனு சத்தம் வருதுன்னு தேடினேங்க' என்றாராம் அந்த அம்மா. நவம்பரில் கோடுகள் நாலு நாலாக நின்று, குறுக்கே ஐந்தாவது விழ ஆரம்பித்தது. இட்லிக் கடை வைத்திருக்கும் ஒருவர் டில்டிங் கிரைண்டருக்குக் கல் கொத்த வந்தார். அவர் சொல்லி இன்னொரு கடைக்காரர் வந்தார். இது கூகுளுக்கு முந்தைய கூகுள்.

2024-லிருந்து கூகுள் பல கேள்விகளுக்கு மேலேயே ஏ.ஐ. வைத்துப் பதில் சொல்லிவிடுகிறது. யாரும் தளத்துக்கு உள்ளேயே வர மாட்டார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. 'கெப்பாசிட்டர் போயிருக்கும்' என்று ஏ.ஐ. சொல்லலாம். கழற்றி மாட்ட ஸ்பேனரோடு அது வருமா?

மார்கழி கடைசியில் செல்போன் கவர்காரர் வந்தார். "என்ன சார் முடிவு?" சித்தப்பா நோட்டைப் புரட்டிக் கோடுகளை விரலால் எண்ணினார். உள்ளே உளிச் சத்தம் நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன்.

"இந்த வருஷம் இல்லீங்க" என்றார் சித்தப்பா.

உளிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

*

பொங்கலன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, "இவன்தான் கடையைக் காப்பாத்தினான்" என்று என் தோளில் தட்டினார் சித்தப்பா. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் அந்தப் பழைய வாட்ஸப் செய்தியைக் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்போ, ரெண்டு வருஷமா ஷட்டரைச் சாத்தி வெச்சுட்டு, உள்ளே உக்காந்து வியாபாரம் இல்லைனு அழுதிருக்கேன்னு சொல்றே."

"ஆமா சித்தப்பா. சாத்தினது நான்."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே குழந்தைகள் கரும்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெளியில நின்னு ஒரு தடவைகூட நானும் பாக்கலையேடா" என்றார் கடைசியில். "தினமும் உள்ளேர்ந்துதானே பாத்தேன்."

அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் என் போனுக்கு ஒரு பில் வந்தது. எங்கள் வீட்டு கிரைண்டருக்கு 2022-லிருந்து பண்ணிய வேலைகள் தேதிவாரியாக: பெல்ட் ஒன்று, கெப்பாசிட்டர் ஒன்று, கல் கொத்தியது இரண்டு தடவை. சர்வீஸ் சார்ஜ், ஆட்டோ சத்தம் உட்பட. பைசா தள்ளுபடி இல்லை.

பேசாமல் பணத்தை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது:

'வரவு. இப்போ நீ கஸ்டமர். ரிவ்யூ போடு. நாலு ஸ்டார் போதும், பொய் வேணாம். பெல்ட் மாத்த லேட்டா வந்தேன்.'